பாற்கடல் முதல் திமிங்கிலக் கடல் வரை

கனடா நாட்டிலே வாழும் உற்றார் உறவினரிடமிருந்து நம்மவர் வீடுகளுக்கு வந்து சேரும் படங்களுள் அண்மைக் காலத்திலே புதிய வகையொன்று தோன்றியிருக்கின்றது. முன்பெல்லாம் பிறந்தநாட் கேக்கும், பனி மூடிய வாசலும், புதிதாக வாங்கிய மோட்டார் வண்டியுமே படங்களில் வரும். இப்பொழுது அவற்றோடு பெரிய வெள்ளைக் கப்பலின் மேற்றளமும், அதன் பின்னே உயர்ந்து நிற்கும் நீல நிறப் பனிச் சுவரும், கம்பளிச் சட்டைக்குள்ளே முகம் மட்டும் தெரிய நிற்கும் பேரப்பிள்ளைகளும் வருகின்றார்கள். வன்கூவரிலோ சியாற்றிலிலோ கப்பலேறி, ஒரு வார காலம் அலாஸ்காக் கரையோரமாகச் சென்று, பனியாறுகளையும் திமிங்கிலங்களையும் கரடிகளையும் கண்டு திரும்பும் குடும்பச் சுற்றுலாவின் படங்கள் அவை. தொலைபேசியின் சிறு திரையிலே அவற்றைக் காணும் கண்டிச் சிறுவன், "அம்மா, நாங்கள் எப்போது போவோம்?" என்று கேட்கின்றான். கேள்வி எளிது. விடை கூறுவதுதான் தாய்க்கு எளிதன்று.

கையிலே அவ்வளவு பணமில்லை என்பது ஒரு விடை. ஆனால் அது முழு விடையாகாது. சிறுவன் விரும்புவது கப்பலின் மெத்தையையும் விருந்தையும் அன்று. நீரின்மேற் சென்று, தன்னினும் மிகப் பெரிய ஒன்றைக் கண்ணாரக் கண்டு வியக்க வேண்டும் என்பதே அவன் உள்ளத்து ஆவல். அவ்வாவலைத் தணிக்கும் வழியொன்று கண்டி நகரின் நடுவிலேயே தொடங்குகின்றது. அது மகாவலியின் வழி. அவ்வழியே செல்லும் குடும்பம் பனியாற்றைக் காணாது. ஆயினும் பனியாறு அந்நாட்டிலே செய்யும் தொழிலை நம் நாட்டிலே எது செய்கின்றது என்பதைக் காணும். யானையையும் திமிங்கிலத்தையும் ஒரே ஆற்றின் கரையிலும் கழிமுகத்திலும் காணும். இவ்வழியை நாம் முறையாக நோக்குவோம்.

பனியாறு என்பது யாது?

பனியாறு என்ற சொல்லைக் கேட்டதும், ஓடிக்கொண்டிருந்த ஆறு ஒன்று குளிரினால் உறைந்து கிடப்பதாக நாம் எண்ணிவிடுகின்றோம். அஃது அவ்வாறன்று. மலை முகடுகளிலே பெய்யும் பனி உருகி முடியுமுன் அடுத்த ஆண்டின் பனி அதன்மேல் வந்து படிகின்றது. இவ்வாறு அடுக்கடுக்காக ஏற, அடியிலுள்ள பனி மேலுள்ள பாரத்தினால் நெருக்குண்டு இறுகிப் பனிக்கட்டியாக மாறுகின்றது. பின்னர் அப்பெருந்திரள் தன் எடையினாலேயே மலைச்சரிவில் மெல்ல மெல்ல நகரத் தொடங்குகின்றது. அதன் நடை கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும் பாறையைச் செதுக்கிப் பள்ளத்தாக்கை அகழும் வலிமை அதற்கு உண்டு. இறுகிய பனிக்கட்டி ஒளியிலுள்ள செந்நிறத்தை விழுங்கி நீலத்தை வெளிவிடுவதனாலேயே படங்களிற் காணும் அந்நீல நிறம் உண்டாகின்றது.

அலாஸ்காவிலே கப்பற் பயணிகள் பெரிதும் விரும்பிச் செல்லுமிடம் 'பனியாற்று விரிகுடா' என்று பெயர் பெற்ற தேசிய வனமாகும். அங்குள்ள மார்ஜரி என்னும் பனியாறு ஏறத்தாழ 34 கிலோமீற்றர் நீளமுடையது. கடலைத் தொடுமிடத்தில் அதன் முகம் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் அகன்று நிற்கின்றது. அம்முகத்திலிருந்து வீடளவு கொண்ட பனிப்பாறைகள் பிளந்து கடலில் விழும்போது எழும் முழக்கத்தை 'வெண்ணிற இடி' என்று அந்நாட்டு ட்லிங்கிட் பழங்குடியினர் குறிப்பிடுவராம். விழுந்த பனிப்பாறைகளின்மேற் கடல்நாய்கள் குட்டிகளோடு படுத்திருக்கும். கரையிலே பழுப்புக் கரடி உலாவும். கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் குளிர்காலத்தை ஹவாய்த் தீவுகளின் வெந்நிறக் கடலிலே கழித்துவிட்டுக் கோடையிலே இரைதேடி அங்கு வந்து சேரும்.

ஆயினும் அக்காட்சி நிலையானதன்று. 1794 ஆம் ஆண்டிலே வன்கூவர் என்னும் கப்பற்றலைவரின் மாலுமிகள் அவ்விடத்தை அடைந்தபோது, இன்று கப்பல்கள் உட்புகுந்து செல்லும் நீர்ப்பரப்பு ஏறக்குறைய முழுவதையும் பனியே அடைத்து நின்றது. 1879 ஆம் ஆண்டிலே இயற்கையறிஞர் யோன் மியூர் சென்றபோது பனிச் சுவர் வெகு தூரம் பின்வாங்கியிருந்தது. இன்றோ அது 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் உள்ளே போய்விட்டது. முற்காலத்துப் பின்வாங்கலுக்கு இயற்கைக் காரணங்கள் இருந்தன. ஆனால் இமயமலையின் கங்கோத்திரி உட்பட உலகின் பெரும்பாலான பனியாறுகள் இக்காலத்திலே விரைவாகக் குறைவதற்கு, மனிதர் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் உலகத்தை வெப்பமாக்குவதே முதற்காரணம் என்பது அறிஞர் துணிபு. எனவே, ஒரு நாளில் இரண்டு பெருங் கப்பல்களுக்கு மேல் அவ்விரிகுடாவினுட் செல்ல அனுமதியில்லை. திமிங்கிலங்கள் நடமாடும் பகுதிகளிலே கப்பலின் வேகத்துக்கும் வரம்பு விதித்திருக்கின்றார்கள்.

பனியாற்றின் அழகு மட்டுமே படத்திலே தெரிகின்றது. அதன் தொழில் தெரிவதில்லை. மாரியிலே வானம் கொடுத்ததை வாங்கி வைத்து, கோடையிலே சிறிது சிறிதாக ஆற்றுக்கு ஈவதே அதன் தொழில். கருத்துள்ள இல்லத்தரசி அறுவடை நெல்லைக் குதிரிலே சேமித்து ஆண்டு முழுவதும் அளந்து கொடுப்பதைப் போன்றது அது. பனியாறில்லாத நமது நாட்டிலே அக்குதிர் எங்கே இருக்கின்றது என்பதுதான் நமது பிள்ளைகள் கண்டறிய வேண்டிய செய்தி.

கண்டியின் பாற்கடல்

பயணத்தைக் கண்டி ஏரியிலே தொடங்கலாம். தலதா மாளிகையின் முன்னே விரிந்து கிடக்கும் இந்நீர்ப்பரப்புக்கு 'கிரி முகுத' என்பது பழம்பெயர். தமிழிலே சொன்னால் பாற்கடல். நாயக்கர் மரபிலே வந்தவனும் கண்டியின் கடைசி மன்னனுமாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 ஆம் ஆண்டிலே வயல்வெளியாகக் கிடந்த பள்ளத்தை அணையிட்டு ஏரியாக்கினான். கரையைச் சுற்றி அலையலையாக வளைந்து செல்லும் மதிலுக்கு 'முகில் மதில்' என்று பொருள்படும் சிங்களப் பெயர் வழங்குகின்றது. ஏரியையும் மாளிகையின் எண்கோண மண்டபத்தையும் வகுத்தமைத்தவர் தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பி என்பர். மண் சுமந்தவர்களோ கட்டாய ஊழியத்துக்கு அழைக்கப்பட்ட குடிமக்கள். மதில் முற்றுப்பெறுமுன்னரே, 1815 ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் மன்னனைச் சிறைப்பிடித்தனர். வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்ட அவன் 1832 ஆம் ஆண்டிலே அங்கேயே உயிர் நீத்தான்.

ஏரியிலே இன்று மோட்டார்ப் படகுச் சவாரி உண்டு. அலாஸ்காக் கப்பலோடு ஒப்பிட்டால் அது தொட்டிலளவே. ஆயினும் முதன்முதலாகப் படகேறும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது போதும். கரை மரங்களிலே கூடு கட்டும் நீர்க்காகங்களும், கொக்குகளும், கூழைக்கடாக்களும், நீரோரத்திலே முதலைக்குட்டி போல ஊர்ந்து செல்லும் கபரகொய்யாவும் இங்கே எளிதிற் கண்ணுக்குப் படும். மாளிகைக்குப் பின்னேயுள்ள உடவத்தைக்கலைக் காட்டிலே, நகரத்தின் இரைச்சல் கேட்கும் தூரத்திலேயே, குரங்குகளும் பலவகைப் பறவைகளும் வாழ்கின்றன. 1938 ஆம் ஆண்டிலே சரணாலயமாக்கப்பட்ட அக்காடு, ஏரிக்கு நீர் தரும் சரிவுகளுள் ஒன்றுமாகும்.

அங்கிருந்து பேராதனைக்குச் சென்றால், மகாவலி குதிரை லாடம் போல வளைந்து பூங்காவைத் தழுவிச் செல்லும் காட்சியைக் காணலாம். 1821 ஆம் ஆண்டிலே அமைக்கப்பட்ட இப்பூந்தோட்டத்தின் உயர்ந்த மரங்களிலே பழந்தின்னி வௌவால்கள் பகலெல்லாம் தலைகீழாகத் தொங்கும். பூக்களைக் காட்டிலும் அவற்றையே பிள்ளைகள் நீண்ட நேரம் பார்த்து நிற்பர். கண்டி நகரத்தார் குழாயைத் திறந்து குடிக்கும் நீரிலே பெரும்பங்கு இவ்வாற்றிலிருந்தே எடுக்கப்படுகின்றது என்பதையும் அவர்களுக்கு அவ்விடத்திலே சொல்லலாம். 335 கிலோமீற்றர் ஓடும் இம்மாநதி நம் நாட்டின் மிக நீண்ட ஆறு. மழையில்லாத மாதங்களிலும் இவ்வாறு வற்றாதிருப்பது எப்படி என்று பிள்ளை கேட்குமாயின், கேள்வி சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

முகிலைப் பிடித்து வைக்கும் காடு

விடை மலையுச்சியிலே இருக்கின்றது. கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் பெருந்தெருவிலே திகனை, தெல்தெனியாவைக் கடந்து ஹுன்னஸ்கிரியாவை அடைந்தால், மடக்கிய கைவிரல் மூட்டுகள் போன்ற சிகரங்கள் தோன்றும். அவ்வுருவத்தைக் கண்டே ஆங்கிலேயர் அம்மலைத்தொடருக்கு 'நக்கிள்ஸ்' என்று பெயரிட்டனர். சிங்கள மக்கள் அதனைத் தும்பறை மலை என்பர். 2010 ஆம் ஆண்டிலே ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாத மலைக்காடு ஆகியவற்றோடு சேர்த்து, மத்திய மலைநாடு என்னும் பெயரால் இதனை உலக மரபுரிமையாக யுனெஸ்கோ அறிவித்தது.

இம்மலையின் உயர்ந்த பகுதிகளிலே வளர்வது முகிற்காடு. மரங்கள் குட்டையாகவும் முறுகியும் நிற்கும். கிளைதோறும் பாசியும் சடையும் தொங்கும். தாழ்ந்து செல்லும் முகில் இம்மரங்களினூடே புகும்போது, அதிலுள்ள நுண்துளிகள் இலையிலும் பாசியிலும் ஒட்டிச் சேர்ந்து சொட்டுச் சொட்டாக நிலத்தில் விழுகின்றன. மழை பெய்யாத நாளிலும் அக்காட்டினுள்ளே நீர் சொட்டிக்கொண்டிருக்கும். விழுந்த நீரை உக்கிய இலைமண் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொள்கின்றது. பின்னர் ஊற்றாகவும் ஓடையாகவும் சிறிது சிறிதாக விடுகின்றது. ஹுலு கங்கை முதலிய கிளையாறுகள் இவ்வாறு பிறந்து மகாவலியிற் கலக்கின்றன. அலாஸ்காவிலே பனியாறு செய்யும் தொழிலை இங்கே செய்வது இக்காடே. நமது நெற்குதிர் இதுதான்.

இவ்வுண்மை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. கோப்பித் தோட்டங்களுக்காக மலைகள் மொட்டையடிக்கப்பட்ட காலத்திலேயே, தாவரவியலறிஞர் யோசப் ஹூக்கரின் ஆலோசனையை ஏற்று, 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்கலாகாது என்று 1873 ஆம் ஆண்டிலே அரசு தடை செய்தது. அத்தடை இல்லையாயின், கோப்பி அழிந்த பின் வந்த தேயிலை முகடு வரை ஏறியிருக்கும். பிற்காலத்திலே ஏலப் பயிர் வேறு விதமாகக் கேடு செய்தது. பெருமரங்களை விட்டுவைத்து அடிக்காட்டை மட்டும் வெட்டி ஏலம் நடுவதனால், தொலைவிலிருந்து நோக்குவோர்க்குக் காடு முழுமையாகவே தோன்றும். உள்ளே இளமரங்கள் இல்லாமற்போயிருக்கும். கிழவர்கள் மட்டும் வாழும் ஊருக்கு எதிர்காலம் ஏது?

இங்குள்ள உயிரினங்களும் தனித்தன்மை உடையவை. மூக்கின் நுனியிலே இலை போன்ற உறுப்பைத் தாங்கிய ஓணான் ஒன்று இம்மலையிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை. 2006 ஆம் ஆண்டிலே தனி இனமாக விவரிக்கப்பட்ட மற்றொரு சிற்றோணானுக்கும் இம்மலையே வீடு. கரடியைப் போல இவை அச்சமூட்டுவதில்லை. ஓசைப்படாமல் அமர்ந்து பொறுமையோடு தேடினாற்றான் கண்ணுக்குத் தெரியும். அப்பொறுமையும் பயணத்தின் பயன்களுள் ஒன்று.

பனிக்கட்டியைத் தொட்டே பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கும் ஒரு வழி உண்டு. தை, மாசி மாதங்களிலே, வானம் தெளிந்த இரவின் பின், நுவரெலியாவில் விடியற்காலையிலே புல்நுனிகளில் வெண்ணிற உறைபனி படிந்திருக்கும். சூரியன் எழுந்ததும் அது மறைந்துவிடும். சுற்றுலா வந்தவர்களுக்கு அது வேடிக்கை; தேயிலைக் கொழுந்து கருகிப்போவதனால் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்கோ அது கூலிக்குறைவு. ஒரே பனி இரு வீடுகளிலே இரு விதமாகப் பெய்கின்றது என்பதையும் பிள்ளைகள் அறிந்துகொள்ளட்டும்.

நீரின் அடியில் ஓர் ஊர்

மலையிலிருந்து இறங்கும் வழியிலே பச்சை மலைகளிடையே நீண்டு கிடக்கும் விக்ரோறியா நீர்த்தேக்கம் கண்ணைக் கவரும். மகாவலியின் குறுக்கே வளைவாகக் கட்டப்பட்ட இதன் அணை 122 மீற்றர் உயரமுடையது. இலங்கையின் மிக உயரமான அணை இதுவே. 1985 ஆம் ஆண்டிலே திறந்து வைக்கப்பட்டது. இதன் மின்னிலையம் 210 மெகாவாற்று மின்சாரத்தை உண்டாக்க வல்லது. கண்டிக்கு அருகிலேயே பொல்கொல்லையில், 1976 ஆம் ஆண்டிலே நிறைவெய்திய மற்றோர் அணை, மகாவலி நீரின் ஒரு பகுதியை மலையைக் குடைந்து அமைத்த 8 கிலோமீற்றர்ச் சுரங்கத்தின் வழியாக மாத்தளைப் பக்கம் திருப்பி, வறண்ட வடமத்திய வயல்களுக்கு அனுப்புகின்றது. நாம் உண்ணும் சோற்றிலும் எரிக்கும் விளக்கிலும் அம்முகிற்காட்டின் துளி இருக்கின்றது என்றால் அது மிகையாகாது.

ஆனால் இந்நீரின் அடியிலே பழைய தெல்தெனியா கிடக்கின்றது. கடைத்தெருவும், வீடுகளும், தலைமுறை தலைமுறையாக உழுத வயல்களும் நீரில் மூழ்கின. மேட்டு நிலத்திலே புதிய தெல்தெனியா எழுந்தது. குடிமக்களிற் பலர் தொலைவிலுள்ள குடியேற்றங்களுக்குச் சென்றனர். கடும் வறட்சியிலே நீர்மட்டம் தாழும்போது பழைய கட்டடங்களின் சிதைவுகள் வெளியே தெரியும். அந்நாட்களிலே முன்னாட் குடிகள் தம் பிள்ளைகளை அழைத்துவந்து, "இதுதான் எங்கள் வீடு இருந்த இடம்" என்று காட்டுவதுண்டு.

அலாஸ்காவின் பனியாற்று விரிகுடாவுக்கும் இத்தகைய கதையொன்று உண்டு. 18 ஆம் நூற்றாண்டிலே பனியாறு முன்னேறி வந்து ஹூனா ட்லிங்கிட் மக்களின் ஊர்களை அழித்தது. அவர்கள் படகுகளிலேறி வேறு கரைக்குச் சென்றனர். அங்கே ஊரை விரட்டியது பனி; இங்கே விரட்டியது நாட்டின் தேவை. இரண்டிடத்திலும், நாம் வேடிக்கை பார்க்கும் அழகான நீர்ப்பரப்பு இன்னொருவரின் முற்றமாக இருந்தது. இதனை அறிந்து பார்ப்பவனின் பார்வையிலே மரியாதை தானாக வந்துவிடும்.

யானையும் வழியும்

விக்ரோறியாவுக்குக் கீழே ரந்தெனிகலை, ரந்தம்பை என்னும் நீர்த்தேக்கங்கள் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றையும் சூழ்ந்த காடுகள் 1987 ஆம் ஆண்டிலே ஒரே சரணாலயமாக்கப்பட்டன. அவ்வழியே மகியங்கனைக்குச் செல்லும் தெருவிலே, மாலை வேளையில் யானைகள் நீருண்ண இறங்குவதைக் காணலாம்.

2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5,879 காட்டு யானைகள் இருந்தன. அண்மைய ஆண்டுகளிலோ ஆண்டொன்றுக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட யானைகள் மடிகின்றன; நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் யானையால் உயிரிழக்கின்றனர். காடு வயலாகவும் வயல் ஊராகவும் மாறிய இடங்களிலே, யானை தன் பழைய வழியைத் தேடி வருகின்றது. உழவன் தன் பயிரைக் காக்க நிற்கின்றான். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. இரக்கத்தினாலோ விளையாட்டினாலோ தெருவோரத்து யானைக்குப் பழம் கொடுக்கும் பயணி, அந்த யானைக்கு வண்டிகளை மறிக்கக் கற்றுக்கொடுக்கின்றான். அதன் விலையை அவன் கொடுப்பதில்லை. பின்னால் சைக்கிளில் வரும் கிராமத்தான் கொடுக்கின்றான். ஆகையால் கொடுக்காமலிருப்பதே இங்கு அறம்.

ஆறு கடலிற் சேருமிடம்

மகாவலி பின்னர் வடக்கே திரும்பி, சமவெளியைக் கடந்து, திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கின்றது. கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை, கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்கு ஏறத்தாழ 180 கிலோமீற்றர். ஆற்றின் முடிவைக் காணாமற் பயணம் நிறைவு பெறாதாகையால், ஓர் இரவு தங்கும்படி அங்கே செல்ல வேண்டும்.

கொட்டியாரக் குடாவை அடுத்துக் கடலின் அடியிலே மிக ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகின்றது. பிற நாடுகளிலே நெடுந்தூரம் கப்பலிற் சென்றாற்றான் கிட்டும் ஆழ்கடல், இங்கே கரையை நெருங்கி வந்து நிற்கின்றது. எனவே ஆழ்கடலில் வாழும் திமிங்கிலங்களும் கரைக்கு அண்மையிலேயே தோன்றுகின்றன. உலகில் வாழ்ந்த உயிர்கள் அனைத்திலும் பெரியதாகிய நீலத் திமிங்கிலம் 30 மீற்றர் வரை வளரக்கூடியது. இரண்டு பஸ் வண்டிகளைத் தொடராக நிறுத்தினாலும் அதன் நீளத்துக்கு ஈடாகாது. அவ்வளவு பெரிய உடலை வளர்ப்பது நம் சமையலறையிற் காணும் கூனி இறாலைப் போன்ற சிற்றுயிர்களே.

வேறு கடல்களிலே நீலத் திமிங்கிலங்கள் குளிர்கடலுக்கும் வெப்பக்கடலுக்கும் இடையே ஆண்டுதோறும் நெடும்பயணம் செய்வன. இலங்கையைச் சூழ்ந்த கடலிலே வாழ்பவையோ வெப்பக் கடலை விட்டு நீங்காமல் ஆண்டு முழுவதும் இப்பகுதியிலேயே இரை தேடுகின்றன. 2003 ஆம் ஆண்டிலே தென்கடலில் இவை இரையுண்பதைக் கண்டு, அவற்றின் வாழ்க்கையை ஆராயத் தொடங்கியவர் ஆஷா டி வோஸ் என்னும் இலங்கைப் பெண்மணி. பெண்பிள்ளைகளைப் பெற்ற வாசகர்கள் இப்பெயரை அவர்களுக்குச் சொல்லி வைக்கலாம். அத்திமிங்கிலங்களுக்கு இன்றுள்ள பெரும் பகை வலையன்று. தென்முனையைக் கடந்து செல்லும் பெருங் கப்பல்களின் மோதலே.

யானையும் திமிங்கிலமும் ஒரே நீரிலே சந்திக்கும் இடம் உண்டோ என்றால், அதுவும் இங்கேதான். 2017 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, திருகோணமலைக்கு அப்பால் கடலிலே தத்தளித்த இரண்டு இளம் யானைகளைக் கடற்படையினர் கயிறிட்டுக் கரைசேர்த்து, கொட்டியாரக் குடாவின் முனையிலுள்ள காட்டிலே விட்டனர். யானை நன்றாக நீந்தவல்லது. தும்பிக்கையை நீருக்கு மேலே நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டு வெகு தூரம் செல்லும். அன்று நீரோட்டம் அவற்றை வென்றுவிட்டது, மனிதர் உதவினர். அதே மாதத்தின் முற்பகுதியிலே கொக்கிளாய்க்கு அப்பால் அகப்பட்ட மற்றொரு யானையும் அவ்வாறே காப்பாற்றப்பட்டது.

தாய்மாருக்குச் சில குறிப்புகள்

முழுப் பயணத்தையும் ஒரே விடுமுறையிற் செய்துவிட வேண்டும் என்பதில்லை. ஏரியும் பேராதனையும் ஒரு நாள். மலையும் விக்ரோறியாவும் மற்றொரு நாள். திருகோணமலைக்கு இரண்டு நாள். அவ்வப்போது பிரித்துச் செய்தால் பணச்சுமையும் குறையும். பிள்ளைகளின் நினைவிலும் தனித்தனியே பதியும்.

கீழ்க்கடல் ஏப்பிரல் முதல் செப்டெம்பர் வரை அமைதியாக இருக்கும். திமிங்கிலம் காண அம்மாதங்களே ஏற்றவை. படகுகள் விடியற்காலையிலே புறப்படும். வெறும் வயிற்றோடும் நிறைந்த வயிற்றோடும் ஏறலாகாது. இரண்டு இடியப்பமும் சிறிது இஞ்சித் தேநீரும் போதும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அளவான உயிர்காப்பு அங்கி இல்லாத படகிலே, அது எவ்வளவு மலிவானதாயினும், ஏறாதிருப்பதே அறிவுடைமை. திமிங்கிலத்தைத் துரத்திச் செல்லும்படி படகோட்டியை வற்புறுத்தவும் கூடாது. தூரத்திலே எந்திரத்தை நிறுத்திக் காத்திருந்தால் அது தானாக மூச்சு விட மேலே வரும்.

மலைக்காட்டிலே அட்டைக்கடி உண்டு. நீண்ட காலுறையின்மேற் சவர்க்காரத்தை ஈரத்தோடு தேய்த்துக்கொண்டால் அட்டை ஏறாது. கடித்துவிட்டாற் சிறிது உப்பைத் தூவினால் விழுந்துவிடும். மழைக்காலத்திலே மலைவழிப் பயணத்துக்கு முன், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டறிவது இன்றியமையாதது. அணைகளுக்குக் கீழே ஆற்றில் இறங்கிக் குளிக்கலாகாது. திடீரென்று நீர் திறந்துவிடப்படும். யானை நடமாடும் தெருவை இருளுமுன் கடந்துவிட வேண்டும்.

கட்டுச்சோற்றை வாழையிலையிலே பொதி செய்யுங்கள். புளிச்சாதமோ ரொட்டியும் சம்பலுமோ, இலையிற் கட்டியது மணமாகவும் இருக்கும்; எறிந்தாலும் உக்கிவிடும். அம்பாறை மாவட்டத்துக் குப்பைமேடு ஒன்றிலே பிளாஸ்டிக்கை உண்டு யானைகள் மாண்ட செய்தியை 2022 ஆம் ஆண்டிலே படித்தோம். நமது உணவுப் பொதி அடுத்த யானையின் வயிற்றுக்குப் போகாமற் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கின்றது.

அலாஸ்காவின் பனியாறு உருகுவதை நம்மால் தனித்து நிறுத்திவிட முடியாது. ஆனால் தும்பறையின் முகிற்காடு நம்முடையது. அதற்குக் கப்பலும் கடவுச்சீட்டும் வேண்டியதில்லை, காவலர்தாம் வேண்டும். குழாய் நீர் குன்றிலிருந்து வருகின்றது, குன்றின் நீர் காட்டிலிருந்து வருகின்றது என்பதைக் கண்ணாற் கண்ட பிள்ளை, வளர்ந்தபின் அக்காட்டை வெட்ட ஒருப்படாது. அவ்வாறான ஒரு தலைமுறையை உண்டாக்குவதற்கு நமக்கு ஆகும் செலவு சில பஸ் கட்டணங்களும் ஒரு படகுக் கூலியுமே.

வரும் விடுமுறையிலே ஏரிக்கரைப் படகிலிருந்து தொடங்குங்கள். மிகுதியை மகாவலி காட்டும்.